நாக்கு சாரும் நார்ச்சத்தும்

அவருக்குச் சோறு போட்டது நாக்குதான். பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கும் உத்தியோகம். அடுப்பிலிருந்து புதிதாக வந்த பிஸ்கட்டை ஒரு கடி கடிப்பார். கண்ணை மூடுவார். "உப்பு ஒரு சிட்டிகை தூக்கல்" என்பார். உடனே கீழ்மாடியில் யாராவது யாரையாவது திட்டுவார்கள். கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாக்கு சார் என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும். வீட்டிலும் அதே பெயர்தான். மனைவி மட்டும் அதை வேறு அர்த்தத்தில் சொன்னாள்.

வருஷக்கணக்காகக் கடித்ததில், சர்க்கரை பிஸ்கட்டோடு நிற்காமல் அவர் ரத்தத்துக்கும் குடிவந்துவிட்டது. கம்பெனி டாக்டர் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. அடுத்த பரிசோதனைக்குள் சர்க்கரை இறங்க வேண்டும். இல்லையென்றால் ருசி பார்க்கும் நாற்காலியை விட்டு நாக்கு சார் இறங்க வேண்டும். பேக்கிங் பிரிவில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். அங்கே பிஸ்கட்டைப் பார்க்கலாம், தொடலாம், அடுக்கலாம். தின்ன முடியாது.

"காலைல சீரியல் எடுத்துக்கச் சொல்லிட்டாரு" என்றார் வீட்டுக்கு வந்து, இழவு சொல்ல வந்தவர் குரலில்.

"சீரியலா? அதான் சாயங்காலம் பூரா ஓடுதே."

"அது பாக்குற சீரியல். இது சாப்பிடுற சீரியல்."

"என்ன வித்தியாசம்?"

"ரெண்டுலயும் அழுகைதான். இதுல நான் அழணும்."

மனைவிக்கு வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் போனில் புகார் கேட்கும் வேலை. காலையில் ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் வரை ஊர்ப் புலம்பல்தான். அதனால் வீட்டுப் புலம்பல் எதுவும் அவள் காதில் ஏறுவதில்லை. மறுநாளே பெரிய பாக்கெட் ஒன்று வாங்கி வந்தாள். நார்ச்சத்து மிகுந்தது, சர்க்கரை அறவே இல்லாதது. அட்டையில் ஒல்லியான ஆள் ஒருவர் மலையேறிக்கொண்டிருந்தார். அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

கிண்ணத்தில் கொட்டிப் பாலை ஊற்றினாள். அது ஊறியது, உப்பியது, கடைசியில் சுவரொட்டி ஒட்டும் பதத்துக்கு வந்து நின்றது. நாக்கு சார் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார்.

"நார்ச்சத்துன்னு போட்டிருக்கான். நார் தெரியுது. சத்தைக் காணோம்."

"மெல்லுங்க, வரும்."

"இது தவிடு. மாடுகூட மூஞ்சியைத் திருப்பிக்கும்."

"மாட்டுக்கும் நாக்கு நீளம்தான். ஆனா இவ்வளவு பேசாது."

"நாக்கு செத்துப்போச்சுடி எனக்கு!"

"உங்க புகார் பதிவாயிடுச்சு சார். எங்களைத் தொடர்பு கொண்டதுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு, அவள் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினாள்.

நாக்கு சாருக்கு ரோஷம் வந்தது. உடம்புக்கும் நல்லதாய், வாய்க்கும் நல்லதாய் ஒரு சீரியலைத் தானே கண்டுபிடித்துக் காட்டுவதாகச் சபதம் செய்தார். கடை கடையாக ஏறி இறங்கினார். உருண்டை, வளையம், நட்சத்திரம் என்று விதவிதமாக வாங்கி வந்து மேஜையில் பரப்பினார். மனைவி முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டாள்.

"இதுல தேன் இருக்கு" என்றார்.

"படத்துல இருக்கு. உள்ள சர்க்கரைப் பாகு."

"சரி, இதுல பழம் இருக்கே?"

"பழ வாசனை இருக்கு. பழம் அந்தப் பக்கமா நடந்து போயிருக்கு, அவ்வளவுதான்."

"இந்தா, இதுல சர்க்கரை சேர்க்கலன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான்!"

"சின்ன எழுத்துல குளுக்கோஸ் போட்டிருக்கான். பெரியப்பா வரல, சித்தப்பா வந்திருக்காரு."

எல்லா பாக்கெட்டும் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. பக்கத்து வீட்டார் அன்றிலிருந்து நாக்கு சாரைக் கண்டால் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்கள். அவர் கடைசியில் சோபாவில் சாய்ந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"நல்லது எதுவும் ருசிக்காது. ருசிக்கிறது எதுவும் நல்லதில்ல. சொல்றது சாதாரண நாக்கு இல்ல, தெரிஞ்சுக்கோ. இது தப்புன்னு எவனாவது நிரூபிச்சா இந்த நாக்கை அறுத்துக் கொடுத்துடறேன்."

மனைவி "ம்" என்றாள். அந்த "ம்"மை அவர் கொஞ்சம் யோசித்துப் பார்த்திருக்கலாம்.

இரண்டொரு நாள் கழித்து அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, அவள் கூடத்தில் தன் தம்பியோடு போனில் பேசினாள். எந்த வாடிக்கையாளர் கத்தினாலும் குரலை உயர்த்தாதவள், அன்று குழாய்ச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி பேசினாள்.

"உனக்குன்னு ஸ்பெஷலா ஒண்ணு வாங்கி ஸ்டோர் ரூம்ல மேல்தட்டுல வெச்சிருக்கேன்டா. நீல டப்பா. நீ வந்ததும் தரேன். மாமா கண்ணுல மட்டும் பட்டுடக் கூடாது. அவருக்கு ஆகவே ஆகாது. அப்படி ஒரு ருசி!"

நாக்கு சார் சோப்பு நுரையோடு சிலையாக நின்றார். கட்டின புருஷனுக்குத் தவிடு, தம்பிக்கு அமிர்தமா?

அவள் வேலைக்குக் கிளம்பிய மறு நிமிஷம் ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்தார். பல்பு எப்போதோ பியூஸ் போயிருந்தது. மாற்றச் சொல்லி மனைவி நச்சரித்துக்கொண்டே இருந்தாள். மாற்றாமல் விட்டதும் நல்லதுக்குத்தான் என்று இப்போது தோன்றியது. இருட்டில் முக்காலி மேல் ஏறித் தடவினார். டப்பா சிக்கியது. ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். மொறுமொறு.

அடடா! வறுத்த தானியத்தின் வாசனை முதலில் வந்தது. பிறகு லேசான கசப்பு. அது மறையும்போது நாக்கின் ஓரத்தில் ஒரு தித்திப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. இவ்வளவு நயமான சரக்கைத் தன் கம்பெனியில்கூட அவர் கண்டதில்லை. மச்சானுக்கு உரியது என்ற நினைப்பு அந்த ருசியை இன்னும் ஒரு படி ஏற்றியது.

ஒரே சிக்கல், அள்ள அள்ள டப்பா குறையும். அதற்கும் வழி இருந்தது. அந்த வாரத்திலிருந்து மனைவி கிண்ணத்தில் தவிட்டை மட்டும் போட்டு, "பாலை நீங்களே ஊத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்ப ஆரம்பித்திருந்தாள். நாக்கு சார் பாலைக் குடித்தார். கிண்ணத்துத் தவிட்டை அப்படியே நீல டப்பாவில் கவிழ்த்தார். தவிடும் தீர்ந்தது, டப்பாவும் நிறைந்தது. தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

மேலே கிடப்பது தவிடு என்பதால் கையை முழங்கை வரை விட்டு அடியிலிருந்து அள்ளினார். ஒருநாள் அவசரத்தில் மேலாக அள்ளிவிட்டார். வாயில் போட்டதுமே, "தூ! தவிடு!" என்று துப்பினார். கும்மிருட்டிலும் கண்டுபிடித்துவிட்டதே, நாக்கு என்றால் இதுவல்லவா நாக்கு என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

பரிசோதனை நாள் வந்தது. பேக்கிங் பிரிவு கண்முன் நிற்க, கையை நீட்டினார். முடிவைப் பார்த்த டாக்டர் எழுந்து கைகுலுக்கினார். சர்க்கரை இறங்கியிருந்தது. நாற்காலி தப்பியது. தினமும் திருட்டுத் தீனி தின்றவனுக்கு எப்படி இறங்கியது? நாக்கு சார் ரொம்ப நேரம் யோசித்து, தன் உடம்பே ஒரு தனி ரகம் என்ற முடிவுக்கு வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து சேர்ந்தான். மனைவி நேராக ஸ்டோர் ரூமுக்குப் போய் நீல டப்பாவைக் கொண்டுவந்தாள். டப்பாவைச் சாய்த்துக் கிண்ணத்தை நிரப்பினாள். மச்சான் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தான். அவன் முகம் அஷ்டகோணலானது.

"என்னக்கா இது, மரத்தூள் மாதிரி இருக்கு? இதுக்கா என்னை வரச் சொன்னே?"

முந்திக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்று நாக்கு சார் நினைத்தார்.

"உங்க அக்கா கவனிக்காம என் தவிட்டை அதுல கொட்டியிருப்பா, மாப்ளே. மேல இருக்குறதை எடுக்காதே. டப்பாவுக்குள்ள கையை நல்லா விடு. ஒரிஜினல் அடில இருக்கு!"

பேசிய வார்த்தை தன் காதிலேயே விழுந்ததும், நாக்கு சாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அடில இருக்குறது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி, போனில் பேசும் அதே மென்மையான குரலில்.

"அது... வந்து..."

"மேல இருக்குறதும் அதுதான், அடில இருக்குறதும் அதுதான். உங்க பாக்கெட்ல பாதியை இதுல கொட்டி வெச்சேன். மீதியைத் தினம் நீங்களே கொண்டுவந்து கொட்டிட்டீங்க. ஒரு துகள் வீணாகல."

"பொய்! ருசியே வேற! என் நாக்கு பொய் சொல்லாது!"

"ருசி வேறதான். அது நான் கொடுத்தது. இது நீங்க திருடினது."

மச்சான் சிரித்த சிரிப்பில் தவிடு மூக்கில் ஏறியது. "இந்த மாமாவா பிஸ்கட்டுக்கு மார்க் போடுறாரு?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். நாக்கை அறுத்துக் கொடுப்பதாகச் சொன்ன விஷயத்தையும் மனைவி மறக்கவில்லை. "அறுக்கவெல்லாம் வேணாம். சம்பளம் அதுலதானே வருது" என்று பெருந்தன்மையாக விட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலை, மேஜையில் கிண்ணம் இருந்தது. பால் ஊற்றாத, மொறுமொறுவென்ற அதே சீரியல். நாக்கு சார் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். தவிடு. கிண்ணத்தோடு ஸ்டோர் ரூமுக்குப் போய், இருட்டில் முக்காலி மேல் ஏறி நின்று இன்னொரு பிடி போட்டுப் பார்த்தார். அதே தவிடு. இன்னும் சில மாதத்தில் டாக்டர் மறுபடி கையை நீட்டச் சொல்வார்.

மனைவி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நாக்கு சார் பக்கத்தில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஏம்மா... அந்த டப்பாவை வேற எங்கயாவது ஒளிச்சு வையேன்."

"விடியறதுக்கு முன்னாடியே ஒளிச்சாச்சு. தேடுங்க, நடந்த மாதிரியும் இருக்கும்."