பல்டி அடிக்கக் கூடாது

"கோச், காலு தானா தூக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

கென்லி சொன்னதில் பொய்யில்லை. நடக்கப் பழகியபோதே பல்டி பழகியவள். அவளிடம் பல்டி அடிக்காதே என்பது தும்மாதே என்பது போலத்தான்.

டெக்சாஸில், பாட்டுக்கு அணியாக ஆடிக் குதிக்கும் சியர்லீடிங்குக்குப் பயிற்சிக்கூடம் நடத்தும் லாரெட்டாவுக்கு வேறு வழியில்லை. மாநிலப் போட்டியின் உச்சநிலைப் பிரிவில் வருடா வருடம் எதிர்த்தெரு டாமி ஜோவின் அணிதான் ஜெயித்தது. லாரெட்டாவின் சுவரில் இரண்டாம் பரிசுப் பதாகைகள் மட்டும் தொங்கின. இந்த முறையும் தோற்றால் பிள்ளைகளை எதிர்த்தெருவில் சேர்ப்பதாகத் தாய்மார்கள் முடிவெடுத்திருந்தார்கள்.

ஆகவே விதிகளை அலசினாள். தொடக்கநிலைப் பிரிவில் பல்டி அடிக்கக் கூடாது என்றிருந்தது. அடிக்கத் தெரிந்தவர்கள் சேரக் கூடாது என்று எங்கும் இல்லை. தன் அணியை அதில் சேர்த்துவிட்டாள்.

"இது ஏமாத்து வேலை இல்லியா, லாரெட்டா?" என்றாள் கென்லியின் அம்மா மிஸ்ஸி.

"எந்த விதியில போட்டிருக்கு? காட்டு பாப்போம்."

பல்டியை மறக்கடிக்கப் பாட்டின் வேகத்தைக் குறைத்தாள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சிரிப்புக்கு மதிப்பெண் உண்டு என்பதால் சிரிக்கச் சொன்னாள். கொட்டாவியும் சிரிப்பும் கலந்து, அணி முழுக்கப் பல்வலி வந்தது போலிருந்தது. கடைசியாக, கால் எழும்பாதபடி கென்லியின் கணுக்காலில் கனமான மணல் பட்டை கட்டிவிட்டாள். கென்லி அதோடேயே பல்டி அடிக்கப் பழகிக்கொண்டாள்.

போட்டியன்று தொடக்கநிலை வரிசையில் அவர்களுக்கு முன்னால் டாமி ஜோ நின்றாள். கூடவே அவளுடைய சாம்பியன்கள், தலையை விடப் பெரிய ரிப்பன்களோடு.

"நீ எங்க இங்க?" என்றாள் லாரெட்டா.

"எல்லாம் புதுசா கத்துக்குற பசங்க. உன்னோடது?"

"நேத்துதான் சேந்தாங்க."

பின்னால் டாலஸ் அணி, கோப்பைப் படம் போட்ட சட்டைகளை உள்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றது. அதற்கும் பின்னால் நிஜமாகவே புதிதாகக் கற்றுக்கொள்ளும் சில வாண்டுகள் ஓவென்று அழுதுகொண்டிருந்தன. லாரெட்டா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

கென்லி கடைசிவரை சமர்த்தாக உருண்டாள், கைதட்டினாள், சிரித்தாள். பாட்டு முடியும் நேரத்தில், மணல் பட்டை இல்லாத கால்கள் சந்தோஷம் தாங்காமல் கிளம்பின. அப்படியொரு பல்டியை அந்த அரங்கம் பார்த்ததில்லை. லாரெட்டாவே எழுந்து நின்று கைதட்டிவிட்டாள். அப்புறம்தான் விதி ஞாபகம் வந்தது.

மதிப்பெண் பறிபோனது. டாமி ஜோ முதலிடம், லாரெட்டா இரண்டாமிடம்.

வயிறு எரிய, தன் பதாகையை வாங்கப் பரிசு மேசைக்குப் போனாள். அங்கே உச்சநிலைக்கான பெரிய தங்கநிறப் பதாகையை ஒரு பெண்மணி மடித்துக்கொண்டிருந்தார்.

"இது யாருக்குங்க போகுது?" என்று ஏக்கத்தோடு கேட்டாள்.

"அந்த அழுத வாண்டுகளுக்குத்தான், கண்ணு. உங்களையெல்லாம் பாத்துப் பயந்துடுச்சுங்க, சரி பாவம்னு யாருமே பேர் குடுக்காத உச்சநிலைக்கு மாத்திவிட்டோம்."