அஞ்சு வட்டிக்கு ஓடாத மெஷின்

கடைக்கு வந்த வாடிக்கையாளரைக் கேள்வி கேட்டே விரட்டிவிட்டு, அதற்குப் பிறகும் கடை நடத்துகிற மனிதர் சங்கரன்கோவிலில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ஜெராக்ஸ் அண்ணாச்சி. அவருடைய நிஜப்பெயர் ரேஷன் கார்டுக்கே மறந்திருக்கும்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ரதவீதிக்குப் போகிற சந்தில் அவர் கடை. மெஷின் நிற்க இடம் போக மிச்சமிருக்கும் இடத்தில் அவர் நிற்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மார்க் ஷீட், கல்யாணப் பத்திரிகை, சாதிச் சான்றிதழ் எதுவானாலும் மெஷின் மணிக்கணக்கில் ஓடும். ஆனால் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றும் ஒரே கையில் சேர்ந்து வந்தால் அண்ணாச்சியின் மூக்கு விடைத்துக்கொள்ளும்.

"என்னத்துக்குவே?"

"லோனுக்கு அண்ணாச்சி."

"எத்தனை வட்டி?"

நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் மெஷின் ஓடும். இரண்டு என்றால் பேப்பர் சிக்கும். மூன்றைத் தொட்டால் அண்ணாச்சி பின்பக்கம் கையை விட்டு சுவிட்சை அணைத்துவிட்டு, "மெஷின் ரிப்பேர்" என்பார்.

ஒருநாள் திருவேங்கடம் பக்கத்து விவசாயி ஒருவர், நிலத்துப் பட்டாவை நகலெடுக்க வந்தார். போர் மோட்டாருக்கு நாலு வட்டிக் கடன். மெஷின் ரிப்பேர். அவர் படி இறங்குவதற்குள் ஒரு பள்ளிக்கூடப் பெண் வந்து ஹால் டிக்கெட்டை நீட்டினாள். மெஷின் ஓடியது.

"ஓய், இப்ப மட்டும் எப்படி ஓடுது?" என்று விவசாயி திரும்பி வந்து கத்தினார்.

"அதுக்குப் பரீட்சை பயம் உண்டுவே. வட்டி பயமும் உண்டு" என்றார் அண்ணாச்சி.

இவர் ஏன் இப்படி இருக்கிறார் என்பதுதான் அந்தச் சந்தின் தீராத ஆராய்ச்சி. மேலநீலிதநல்லூரில் இருந்த வீட்டை வட்டிக்காரனிடம் பறிகொடுத்தவர் என்றார் டீக்கடைக்காரர். இல்லை, அவரே முன்பு வட்டிக்கு விட்டவர், பாவத்தைக் கழிக்கிறார் என்றார் பக்கத்து டெய்லர். காதல் தோல்வி என்றுகூட ஒருவர் சொன்னார். அதற்கும் வட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, டீயைக் குடித்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

இந்த ஆராய்ச்சியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நானே ஒருநாள் மூன்று கார்டுகளோடு போய் நிற்க வேண்டியதாயிற்று.

நான் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவன். சம்பளம் பதினான்காயிரம். மனைவி கோமதி, ஐந்து வயது மகள், ஒற்றை அறை வீடு. கோமதி மறுபடி உண்டாகியிருந்தாள். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, "ரெண்டு" என்றார். இரண்டாவது குழந்தை என்பதைத்தான் சொல்கிறார் என்று நான் தலையாட்டினேன். "ரெண்டும் நல்லாருக்கு" என்று அவர் சொன்ன பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரே வாரத்தில் அறுபதாயிரம் கடனுக்கு ஆள் பிடித்துவிட்டேன். எங்கள் கடைக்குத் துணி எடுக்க வரும் ஒரு பைனான்ஸ்காரர். அஞ்சு வட்டி. முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு ஐம்பத்தேழாயிரம் கையில் தருவார். சாயங்காலத்துக்குள் பேப்பர் வேண்டும் என்றார்.

அண்ணாச்சி கார்டுகளை வாங்கிப் பார்த்தார். "அறுவதாயிரமா? என்னென்னத்துக்கு?"

"பெரிய வீட்டுக்கு அட்வான்ஸ் முப்பது. பிரைவேட் ஆஸ்பத்திரிக்கு இருவது."

"மிச்சம் பத்து?"

"சும்மா கைல இருக்கட்டுமேன்னு."

"பத்தாயிரம் சும்மா இருக்கதுக்கு மாசம் ஐநூறு கூலியா? நான்லாம் நாள் முழுக்க நின்னாலும் எவனும் தர மாட்டேங்கானே!"

எனக்குச் சுரீரென்றது. "ஒத்த ரூம்ல அஞ்சு பேரு எப்படி அண்ணாச்சி இருக்க?"

"ரெண்டு பேரு இன்னும் வரவே இல்லையேவே. வந்தாலும் ரெண்டையும் சேத்து வச்சா ஒரு தலையணை இருக்குமா?"

"நீங்க எடுத்துத் தாங்க, இல்லன்னா வேற கடைக்குப் போறேன்."

அவர் கார்டுகளை மெஷினுக்குள் வைத்து மூடினார். சுவிட்சை அணைத்தார். "அசல் உள்ள மாட்டிக்கிட்டு. நாளைக்கு வாரும்."

என் ஆதாரைச் சிறைபிடித்த மனிதரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். கோமதியும் என்னோடு சேர்ந்து திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ சோற்றைப் போடாமல், "அவரு வேற என்ன கேட்டாரு?" என்றாள். எனக்கு இரண்டு விஷயத்தில் கூச்சம் இருந்தது. மனைவியின் நகையை அடகு வைப்பது ஒன்று, முதலாளியிடம் கையேந்துவது இன்னொன்று. அவை இரண்டையும் தவிர்க்கத்தான் அஞ்சு வட்டிக்குப் போனேன். அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு முன்னமே தெரிந்திருந்தது.

மறுநாள் அவளே வயிற்றைத் தாங்கிக்கொண்டு என்னோடு வந்தாள். அண்ணாச்சி அவளுக்கு நாற்காலி போட்டார். நான் வெயிலில் நின்றேன். கெட்டுப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் இருவரும் எழுத ஆரம்பித்தார்கள்.

"பிரசவத்துக்கு இங்க கவர்மெண்டு பெரியாஸ்பத்திரி இருக்குல்லா தாயி?"

"ரெட்டப் பிள்ளைன்னா திருநவேலி பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருவாங்களாம், அண்ணாச்சி."

"அப்பம் அங்கயே போ. இருவதாயிரம் செலவு மிச்சம். கர்ப்பிணிக்கு கவர்மெண்டு குடுக்க உதவிப்பணத்துக்கு நர்சம்மாட்ட பதிஞ்சியா? பதியலையா? ஏன்வே, நீரு என்ன செஞ்சீரு?"

நான் துணி பில் போட்டேன் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

அடுத்து வீடு. எங்கள் வீட்டை ஒட்டி, வீட்டுக்காரர் பழைய சாமான்களைப் போட்டுவைத்த அறை ஒன்று இருந்தது. அண்ணாச்சி கடையைச் சாத்திவிட்டு எங்களோடு நேரே அவர் வீட்டுக்கு நடந்தார். "அந்த ரூம்ல எலி வாடகை தருதாவே உமக்கு? இவன் வாடகைக்கு மேல மாசம் எண்ணூறு தருவான். அட்வான்ஸ் கேக்கக் கூடாது" என்றார். வீட்டுக்காரர் முடியாது என்றார். கோமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் மெல்ல உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து வீட்டுக்காரரின் மனைவி தண்ணீரோடு வந்தார். கால் மணி நேரத்தில் அறை எங்களுக்கு என்று முடிவாயிற்று.

சுவரில் கதவு வைக்க, வெள்ளையடிக்க, திருநெல்வேலி போக்குவரத்துக்கு இருபதாயிரம் தேவைப்பட்டது. கூச்சத்தை விட்டுக் கேட்டதும் முதலாளி பத்தாயிரம் முன்பணம் தந்தார். மாதம் ஆயிரமாகப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி, "இதை ஏன் முதல்லயே கேக்கல?" என்று கோபித்துக்கொண்டார். மீதிக்குக் கோமதியின் வளையல்கள் கூட்டுறவு வங்கிக்குப் போயின, முக்கால் வட்டிக்கு. அந்த அடகுக்கான நகல்களை எடுத்தபோது அண்ணாச்சியின் மெஷின் ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது. காசும் வாங்கவில்லை.

பைனான்ஸ்காரர் சும்மா விடுவாரா? சந்துக்கே வந்து, "என் பொழப்புல மண்ணள்ளிப் போடுதீரே, நீரு நல்லாருப்பீரா?" என்று கத்தினார். அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அடுத்த வருஷம் அதே பைனான்ஸ்காரர் மகளின் காலேஜ் பீஸுக்காக மூன்று கார்டுகளோடு வந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

"எத்தனை வட்டி?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "மூணு" என்றார்.

"மெஷின் ரிப்பேர். பேங்க்ல படிப்புக்கடன் கேட்டுப் பாத்தீரா?"

எங்களுக்கு இரண்டும் பெண்கள். முதல் சில மாதங்கள் மீன் வாங்கவில்லை, தீபாவளிக்கு மூத்தவளுக்கு மட்டும் துணி எடுத்தோம். வளையல்களை மீட்கப் பதினைந்து மாதம் ஆனது. மீட்ட அன்று, கோமதி அவற்றைப் போட்டுக்கொண்டு அண்ணாச்சியிடம் காட்டப் போனாள். அன்றுதான் எனக்குக் கேட்கத் துணிச்சல் வந்தது.

"அண்ணாச்சி, வட்டிக்காரங்க கிட்ட உங்களுக்கு என்னதான் பகை? வீடு போச்சா?"

"எனக்கு ஏதுவே வீடு? நான் வாடகைக்குல்லா இருக்கேன்."

"அப்பம் நீங்களே வட்டிக்கு விட்டீங்களா?"

சிரித்தார். "மெஷின் சூடாக அஞ்சு நிமிசம் ஆகும். அதுவரைக்கும் நகலெடுக்க வார கடன் பத்திரத்த வாசிப்பேன். இருவது வருசமா வாசிக்கேன். கையெழுத்துப் போட்டவன் ஒருத்தனும் வாசிக்கலன்னு தெரிஞ்சுபோச்சு. பொறவு எப்படிவே சும்மா எடுத்துக் குடுக்க?"

இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. டீக்கடைக்காரரிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை. வீடு போன கதையைத்தான் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் அண்ணாச்சிக்குக் காய்ச்சல் என்று கடை இரண்டு நாள் திறக்கவில்லை. எனக்கு அந்தச் சந்தில் எந்த வேலையும் இல்லை. ஷட்டர் தூக்கியிருக்கிறதா என்று பார்க்க நாலு தடவை போய் வந்தேன்.