மரவாடி மந்திரியின் ரயில்

வளைகுன்று நாட்டில் ராஜா கிடையாது. ராஜாவுக்கு ஆகும் செலவு மட்டும் இருந்தது. அங்கே மரவாடி வைத்திருந்த சிங்காரவடிவேலர் என்பவர் தேர்தலில் ஜெயித்து ரயில் மந்திரி ஆனார். தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளை விற்பவரும் அவரே. வாங்குபவரும் விற்பவரும் ஒரே ஆள் என்பதால் பேரத்தில் சண்டையே வரவில்லை. நாடே அதைப் பாராட்டியது.

வெற்றிலையூரிலிருந்து தலைநகருக்கு நேர்வழி பத்து மைல். ஆனால் அந்த நாட்டுச் சபையில் ஒரு பழைய வழக்கம்: நூறு உறுப்பினர்களும் சேர்ந்து "ஆகட்டும்" என்றால்தான் எதுவும் நடக்கும். ஒவ்வொருவரும் தம் வீட்டு வாசலில் ரயில் நின்றால்தான் ஆகட்டும் என்றார்கள். மந்திரி யார் மனமும் கோணாமல் தண்டவாளத்தைக் கோணலாக்கினார். பத்து மைல் முந்நூறு மைல் ஆயிற்று. கட்டை விற்பனை அமோகம்.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவள் வெற்றிலையூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த பூங்காவனம். விடியலில் வெற்றிலை கிள்ளி மாட்டுவண்டியில் ஏற்றினால், வாடுமுன் தலைநகர்ச் சந்தைக்குப் போய்விடுவாள். பிழைப்பே அதுதான். ரயிலுக்குப் போட்டி என்று மாட்டுவண்டியைத் தடை செய்தார்கள். ரயிலில் போன வெற்றிலை மூன்றாம் நாள் சருகாக இறங்கியது. கூடையைத் தலையில் வைத்து நடந்து பார்த்தாள். ரயிலை முந்திய குற்றத்துக்காகப் பிடித்துவிட்டார்கள்.

"ரயில் நின்னுக்கிட்டு இருந்துச்சுங்க ஐயா!"

"நிற்கும் ரயிலுக்கும் மானம் உண்டம்மா," என்றார் ரயில் அதிகாரி.

ரயில் தாமதம் என்று புகார் எழுந்தபோது மந்திரி அதையும் தீர்த்துவைத்தார். ரயில் தலைநகரைத் தொடும் நேரமே இனி நண்பகல் பன்னிரண்டு. அதுவரை நாட்டின் கடிகாரங்கள் பதினொன்று ஐம்பத்தொன்பதில் காத்திருக்க வேண்டும். அன்று முதல் ரயில் ஒருநாளும் தாமதமாகவில்லை. மதியச் சாப்பாடுதான் இரண்டு நாள் தள்ளிப்போயிற்று.

பூங்காவனத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்தத் தடவை தேர்தல்ல நானே நிக்கறேன்! ஜெயிச்சா முதல் வேலையா ரயிலை நேராக்கறேன்!" என்றாள். ஊரே துள்ளிக் குதித்தது.

வேட்புமனுவைத் தலைநகர் நிலையத்தில், பன்னிரண்டு மணி அடிக்கும்போது கொடுக்க வேண்டும். மந்திரி முதல் பெட்டியில் ஏறினார். அவளுக்குக் கடைசிப் பெட்டி.

"தாங்கள் இறங்கும்போது மணி பன்னிரண்டு. அந்த அம்மாள் இறங்கும்போது பன்னிரண்டு தாண்டியிருக்கும். சட்டம் எல்லோருக்கும் சமம்," என்று காரியதரிசி மந்திரியிடம் விளக்கினார்.

போன வாரம்தான் மந்திரியின் மைத்துனர் அடம்பிடித்து, தம் மாட்டுக்கொட்டகை வரை தண்டவாளத்தை நீட்டவைத்திருந்தார். ரயில் உள்ளே போயிற்று. எதிரே சுவர். திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே ஊர்ந்து வந்து, கடைசிப் பெட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு தலைநகருக்குள் நுழைந்தது.

மணி அடித்தது. பூங்காவனம் குதித்து இறங்கி மனுவை நீட்டினாள். மறுகோடியிலிருந்து மந்திரி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவதற்குள் பன்னிரண்டு தாண்டிவிட்டது.

"யோவ், அந்தச் சட்டமே என்னோடதுய்யா!"

"அதனால்தான் ஐயா இவ்வளவு கண்டிப்பு," என்றார் தேர்தல் அதிகாரி.

போட்டியின்றி ஜெயித்த பூங்காவனம் மறுநாளே ரயில் மந்திரியானாள். வரைபடத்தை விரித்து, வெற்றிலையூருக்கும் தலைநகருக்கும் நடுவே ஒரே நேர்கோடாக இழுத்தாள். வெளியே கூட்டம் ஆடிப்பாடியது. அதே காரியதரிசி கைகட்டிக் குனிந்தார்.

"அம்மா, ஒரு சின்ன விண்ணப்பம். இந்தக் கோடு தங்கள் கொடிக்காலுக்கு அரை மைல் தள்ளிப் போகிறது. கூடை சுமந்து நடப்பது மந்திரிக்கு அழகா? கட்டைக்கும் கவலையில்லை. பழைய மந்திரியின் மரவாடியில் அடுக்கியே வைத்திருக்கிறது."

பூங்காவனம் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு ரப்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"எங்க கிணத்தடி வரைக்கும் வந்தாப் போதும்," என்றாள். "அதுக்கு மேல வேணாம்."