சவுண்டு மாமா நடத்திய ஓட்டெடுப்பு

கடலூர்-சிதம்பரம் ரோட்டில் சவுண்டு மாமாவின் பஸ்ஸில் ஏறித் தூங்கிய மனிதன் இன்னும் பிறக்கவில்லை. தனியார் பஸ் கண்டக்டர். விசில் சட்டைப்பையில் சும்மா கிடக்கும், எல்லாம் குரல்தான். சிப்காட் தாண்டும்போதே அவர் "ஆலப்பாக்கம்" என்று ஒரு குரல் விட்டால், ஆலப்பாக்கத்தில் நிற்பவர்கள் பையைத் தூக்கிக்கொள்வார்கள்.

2008 வாக்கில் ஒருநாள், டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவருக்கு இடது கண் ஐந்து நிமிஷம் இருட்டிவிட்டுத் திரும்பியது. கழுத்தில் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் முக்கால்வாசி அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். அப்படியே விட்டால் பக்கவாதம் வரலாம். ஆபரேஷன் செய்தால் அந்த பயம் குறையும். ஆனால் ஆபரேஷனிலேயே வாதம் வரவும் கொஞ்சம் வாய்ப்புண்டு, குரல் கம்மவும் கூடும். சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மாமாவுக்கு வாதத்தைவிடக் குரல்தான் கவலை. தனியாக யோசித்தும் பழக்கமில்லை. மறுநாள் பஸ்ஸிலேயே தேர்தல் வைத்துவிட்டார்.

"ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு சொல்றவுங்க எடது பக்கம் ஒக்காருங்க. வேணாங்கறவுங்க வலது பக்கம். ஸ்டாண்டிங்குக்கு ஓட்டு கெடையாது."

இடது பக்கம் லேடீஸ் சீட்டு என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. பெண்களெல்லாம் ஆபரேஷன் கட்சி, ஆண்களெல்லாம் எதிர்க்கட்சி. தினமும் அதே பஸ்ஸில் ஆபீஸ் போகிறவன் நான்; ஜன்னலோரம் கிடைத்ததே என்று வலது பக்கம் உட்கார்ந்த என்னைக் காட்டி, "ஆபீஸ் சாரே வேணாங்கறாரு" என்று ஒரு வாரம் பிரசாரம் வேறு. நானும் மறுத்துப் பேசவில்லை.

வாரக் கடைசியில், புதுச்சத்திரத்தில் சாப்பாட்டுக் கேரியர் கொடுக்க வந்த அவர் மனைவியின் காதுக்கு விஷயம் போய்விட்டது. பஸ்ஸில் ஏறியவர் இறங்கவில்லை.

"எத்தன பேரு வேணாம்னாங்க?"

"இன்னிக்கு இருவத்திரெண்டு."

"ஒங்களுக்குக் கை கால் வுழுந்துட்டா, இந்த இருவத்திரெண்டு பேருல யாரு வந்து தூக்கி ஒக்கார வப்பாங்க?"

வலது பக்கம் முழுவதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தது. நானும்தான்.

"கொரலு போயிட்டா?" என்றார் மாமா. அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"போனா போவுது. நீங்க வாயத் தொறக்காட்டியும் எனக்கு வெளங்கும். ஆளு இருங்க, போதும்."

இரண்டு மாதம் கழித்து, கழுத்தில் தழும்போடு வேலைக்கு வந்தார். அன்று நான் வலது பக்கம் உட்காரக் கூசி நின்றுகொண்டே போனேன். சிப்காட் தாண்டியதும் மாமா வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு சட்டைப்பையில் விசிலைத் தேடினார்.

அது கைக்கு வருவதற்குள், "ஆலப்பாக்கம் எறங்கு" என்று இடது வலது பார்க்காமல் பஸ்ஸே கத்தியது. ரொம்பச் சத்தமாகக் கத்தியது, ஓட்டில்லாமல் நின்றுகொண்டிருந்த நான்தான். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.