வன்மையாக வேண்டிக்கொள்கிறோம்

பொங்கியண்ணன் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவினார். ஒரு கையில் வேட்டி நுனி. இன்னொரு கையில் சூடு ஆறாத ஃபேக்ஸ் தாள்.

கடல் கடந்து போகும் ஒவ்வொரு மூட்டைக்குப் பின்னாலும் ஒரு சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கம் இல்லாவிட்டால் மூட்டை இன்னும் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சந்தா கட்டாதவர்கள். பொங்கியண்ணன் கட்டியவர். ஆகவே, கோயமுத்தூர் நூறடி ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே இயங்கிய ‘கொங்கு மண்டல சரக்கு அனுப்புவோர் நல உரிமைப் பாதுகாப்புச் சங்க’த்தின் கதவை, 1994 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, தோளால் முட்டித் திறக்க அவருக்கு முழு உரிமை இருந்தது.

“தலைவருங்க! என்ற கண்டெய்னரைத் துறைமுகத்துல நிறுத்திப்போட்டாங்க!”

தலைவர் சுப்பையன் நிமிர்ந்தார். ஒன்பது வருடமாக அவர்தான் தலைவர். அந்த ஒன்பது வருடமும் அவர் ஒரு கோணிப்பையைக்கூட எங்கும் அனுப்பியதில்லை. அடுத்தவர் சரக்குக்காகப் போராடவே நேரம் சரியாக இருந்தது. தியாகம் என்றால் அது.

“நிறுத்தட்டுமுங்க. அதுக்குத்தானுங்க சங்கம் இருக்குது. மொதல்ல டீ சாப்புடுங்க.”

“டீயெல்லாம் வேண்டாமுங்க. மழை வருதுங்க!”

மழை வந்தால் என்ன? அங்கேதான் விஷயம். உடுமலைப்பேட்டையில் பொங்கியண்ணனுக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. தேங்காய் மட்டையிலிருந்து நார் உரித்த பிறகு மிஞ்சும் தூளை இயந்திரத்தில் அமுக்கி, செங்கல் மாதிரி கட்டியாக்கி, ஹாலந்துக்கு அனுப்புகிறார். அங்கே அதை நனைத்தால் பொலபொலவென்று ஐந்து மடங்கு உப்பும். அதில்தான் வெள்ளைக்காரன் பூச்செடி வைக்கிறான். ஹாலந்தில் உப்ப வேண்டியது வழியில் உப்பக் கூடாது. இது அவருடைய முதல் ஆர்டர். துறைமுகத்தின் கேட் இன்று மாலை ஐந்துக்கு மூடும். கப்பல் நாளைக்குக் கிளம்பும். தவறினால் அடுத்த ஆர்டர் இலங்கைக்காரருக்கு என்று ஹாலந்திலிருந்து நாசூக்காக எழுதியிருந்தார்கள்.

கண்டெய்னரோ கேட்டுக்கு வெளியே, திறந்த வெளியில். அதன் கூரையில் கொய்யாப்பழம் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. கண்டுபிடித்தது அவர் மனைவி சென்னியம்மாள். லாரிக்குப் பின்னாலேயே மதுரை பஸ் ஏறி, அங்கிருந்து துறைமுகம்வரை போனவர். ஃபேக்ஸும் அவருடையதுதான். ‘ஏதோ ஒரு கடிதம் குறைகிறதாம். என்ன கடிதம் என்று ஆபீசர் வந்துதான் சொல்வாராம். உடனே ஏதாவது செய்யவும்.’

சங்கம் உடனே செய்தது. அவசர நிர்வாகக் குழுவைக் கூட்டியது.

பதினொரு பேரில் ஏழு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். முகூர்த்த நாள். எட்டுப் பேர் கொடுமுடியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்கள். ஆனாலும் சங்கம் தளரவில்லை. செயலாளர் அப்துல் முத்தலிப் மேசை இழுப்பறையைத் திறந்தார். இப்படிப்பட்ட நெருக்கடிகளை எதிர்பார்த்து, உறுப்பினர்கள் தொலைநோக்குடன் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த வெள்ளைத் தாள்கள் உள்ளே தயாராக இருந்தன.

“எட்டுப் பேரும் ‘வந்துட்டாங்க’ங்க,” என்றார் முத்தலிப். கோட்டைமேட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். அவருடைய வெங்காயமும் இரண்டு முறை அதே துறைமுகத்தில் நின்று முளைவிட்டிருக்கிறது. “தலைவருங்க, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? அந்த ஆபீசுக்கு ஒரு போனைப் போட்டு, எந்தக் கடுதாசி வேணும்னு கேட்டுப்போடலாமுங்க.”

சுப்பையன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“பாய், எந்தக் கடுதாசின்னு நாம கேட்டா என்ன அர்த்தமுங்க? கடுதாசி கேக்கறது நாயம்னு நாமளே ஒத்துக்கிட்டதா ஆயிருமுங்க. கொள்கைன்னு ஒண்ணு இருக்குதுங்களே.”

“கொள்கை நனையாதுங்க. என்ற கட்டி நனைஞ்சுபோகும்,” என்றார் பொங்கியண்ணன்.

“பொறுங்கண்ணா. காட்டமா ஒரு மனு குடுக்கறோம். எழுதுங்க பாய்.”

முத்தலிப் எழுதினார். ‘கடிதம் கேட்கும் அராஜகப் போக்கை வன்மையாகக் கண்டிக்கிறோம்.’

படித்துப் பார்த்த சுப்பையனுக்கு வியர்த்தது. “கண்டிக்கறமுங்களா? பெரிய ஆபீசருங்க அவரு! மூஞ்சி சுருங்கிப்போகாதுங்களா? ‘கண்டிக்கிறோம்’ங்கறதை எடுத்துப்போட்டு ‘வேண்டிக்கொள்கிறோம்’னு போடுங்க.”

“‘வன்மையாக’ இருக்கட்டுங்களா?”

“அது இருக்கட்டுமுங்க. காட்டம் வேணுமில்லீங்க?”

‘வன்மையாக வேண்டிக்கொள்கிறோம்’ என்று ஆயிற்று. அடுத்து ‘அராஜகப் போக்கு’ ‘போக்கு’ ஆயிற்று. போக்கு என்று தனியாக விட்டால் மரியாதையாக இல்லை என்பதால் ‘தங்கள் மேலான போக்கு’ ஆயிற்று. கொங்கு நாட்டில் எதிரியை ‘வாங்க, உக்காருங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவது வழக்கம். எதிரி உட்கார்ந்த பிறகு சண்டை மறந்துபோவதும் வழக்கம்.

பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. பொங்கியண்ணன் பாய்ந்து எடுத்தார்.

“ஏனுங்க, நாந்தானுங்க,” என்றார் சென்னியம்மாள், எஸ்.டி.டி. பூத்திலிருந்து. “கெழக்கால கறுத்துக்கிட்டு வருதுங்க. ஆபீசர் இன்னும் வரலீங்க. சங்கத்துல என்ன சொல்றாங்க?”

“மனு எழுதறாங்க சென்னி.”

“மனுவை மேல போத்துனா மழை நிக்குங்களா? தார்ப்பாய் வாங்க ஆளை அனுப்பீருக்கறேனுங்க. உங்களால ஆனதைப் பாருங்க.”

போனை வைத்தபோது சுப்பையன் பெருமிதத்தோடு இருந்தார். “பாத்தீங்களா, அம்மணிக்கே நம்ம மனு மேல எவ்வளவு நம்பிக்கை!”

இரண்டு மணிக்குத் தேங்காய் பன் வந்தது. மனு நாலாம் பக்கத்தை எட்டியது. முதல் மூன்று பக்கங்களில் துறைமுக வரலாறும் அதிகாரிகளின் அரும்பணியும் இடம்பெற்றன. கண்டெய்னர் இன்னும் வரவில்லை.

“என்ற கண்டெய்னர் எந்தப் பக்கத்துலங்க வரும்?” என்று கேட்டார் பொங்கியண்ணன்.

“கடைசில வரோணுமுங்க. எடுத்த எடுப்புல காரியத்தைச் சொன்னா, காரியத்துக்காக எழுதறோம்னு நெனைச்சுக்குவாங்க.”

மூன்றேகாலுக்கு மறுபடியும் மணி. “ஏனுங்க, தூறுதுங்க. தார்ப்பாய் போட்டாச்சு. காத்து புடுங்குது. டிரைவரும் நானும் நாலு மொனையில ரெண்டைத்தான் புடிக்க முடியுது.”

பொங்கியண்ணன் போனைப் பொத்திக்கொண்டு கத்தினார். “தலைவருங்க! இருக்கறதை ஃபேக்ஸுல உடுங்க!”

“நகல் எடுக்காம அனுப்பறதா? பைல்ல வெக்க ஒண்ணு, டெல்லிக்கு ஒண்ணு, பத்திரிகைக்கு ஒண்ணு. ஒரு போட்டோவும் வேணுமுங்க. நீங்க ரெண்டு கையையும் கூப்பி நில்லுங்க, பாதிக்கப்பட்டவரா.”

பொங்கியண்ணன் நின்றார். பாதிக்கப்பட்டவராகத் தோன்ற அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நாலேகாலுக்கு மனு ஃபேக்ஸ் இயந்திரத்தில் நுழைந்தது. முதல் பக்கம் போவதற்குள் தொலைபேசி அடித்தது.

“போச்சுதுங்க,” என்றார் சென்னியம்மாள்.

அவர் அழவில்லை. சமையல்கட்டில் பால் பொங்கி வழிந்ததைச் சொல்கிற குரல்.

“தார்ப்பாய் பறந்து அக்கட்டால போயிருச்சுங்க. ஓட்டை வழியாத் தண்ணி கொடங்கொடமா எறங்குச்சு. மொதல்ல கண்டெய்னர் மொனகுச்சுங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் வவுறு தள்ளுச்சு. அப்புறம் கதவு டமார்னு தெறிச்சுப்போச்சு. ரோடு பூரா நம்ம தூளுதானுங்க, முழங்கால் மட்டும். ஆபீசரு ஜீப்புலருந்து எறங்குனாரு, பூட்ஸோட உள்ள போயிட்டாரு. நாந்தான் கைகுடுத்து இழுத்து உட்டேன்.”

பொங்கியண்ணன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஹாலந்து அவர் கண்முன்னே கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் இறங்கியது.

“அப்புடியே அவரைப் புடிச்சு, என்ன கடுதாசிங்கன்னு கேட்டுப்போட்டேனுங்க.”

“என்னவாம்?”

“சங்கத்துக் கடுதாசியாமுங்க.”

“எந்தச் சங்கம்?”

“நீங்க காலையிலிருந்து உக்காந்திருக்கற சங்கந்தானுங்க. ‘இவர் நம்ம ஆளு, சரக்கு உடலாம்’னு ஒரு வரி எழுதி சீல் அடிச்சுக் குடுத்தாப் போதுமாமுங்க. அது இல்லாத சரக்கை உள்ள உடவே கூடாதுன்னு உங்க சங்கமே தீர்மானம் போட்டு அனுப்பீருக்குதாமா. மேலிடத்துல அதை அப்புடியே ஏத்துக்கிட்டாங்களாமா. போன திங்கக்கெழமையிலிருந்து அமுலாமுங்க. அந்தத் தீர்மானக் காயிதத்தையும் என்ற கையில குடுத்துட்டாருங்க.”

பொங்கியண்ணன் வாய் பிளந்து, கேட்டதைக் கேட்டபடி ஒப்பித்தார். முத்தலிப் பேனாவை மூடி வைத்தார். தன் மண்டியில் ஏற்றுவதற்குக் காத்திருக்கும் இருநூறு மூட்டை வெங்காயம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

ஆனால் சுப்பையன்! அவர் முகம் பூத்தது. கண்ணில் நீர் திரையிட்டது.

“ஏத்துக்கிட்டாங்களா? நம்ம தீர்மானத்தையா? ஒம்பது வருசத்துல நானூறு தீர்மானம் போட்டமுங்க. ஒண்ணையாச்சும் ஏத்துக்கிட்டாங்களா? பாய், அந்த ஃபேக்ஸை நிறுத்துங்க! நன்றித் தீர்மானம் எழுதுங்க! ஆபீசரைக் கூப்புட்டு ஒரு பாராட்டு விழா எடுத்துப்போடலாமுங்க!”

“ஒரு வரியுங்க,” என்றார் முத்தலிப் தாழ்ந்த குரலில். “ஒரு சீலுங்க. அரை நிமிச வேலை.”

பொங்கியண்ணன் எழுந்தார். உடுமலைப்பேட்டையில் அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. ‘ங்க’ எங்கோ தொலைந்தது.

“எவன்? எந்தக் கூறுகெட்டவன் இந்தத் தீர்மானத்தைப் போட்டான்? சென்னி, அந்தக் காயிதத்துல பேரு இருக்குதா? இருந்தா வாசி. இன்னைக்கு அவன் சங்கைப் புடிக்கறேன்!”

“இருங்க, நனைஞ்சுபோச்சு, பிரிக்கறேன். முன்மொழிஞ்சவர், தலைவர் சுப்பையன்.”

“அப்புறம்?”

“வழிமொழிஞ்சவர்...”

பூத்தில் ஒரு நொடி மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த ஒரு நொடியில் பொங்கியண்ணனுக்குப் போன மாதம் ஈரோட்டில் நடந்த பொதுக்குழு ஞாபகம் வந்தது. மணி இரண்டு. பக்கத்து ஹாலில் இலை போட்டுவிட்டார்கள். பிரியாணி வாசம் மேடைவரை வந்துவிட்டது. கடைசித் தீர்மானத்தைத் தலைவர் வாயசைத்துப் படித்துவிட்டு, “யாராச்சும் ஒருத்தர் கை தூக்குங்க, சாப்பிடப் போலாம்” என்றார். முன் வரிசையில் ஒரு கை மட்டும், நல்ல உயரத்துக்கு, ஆர்வமாக எழுந்தது.

“பொங்கியண்ணன், உடுமலைப்பேட்டைன்னு போட்டிருக்குதுங்க,” என்றார் சென்னியம்மாள். “ஏனுங்க, நமக்கு ஏதாச்சும் சொந்தமுங்களா?”