ஹெட்டியின் கேள்விக்கு இரண்டு நூற்றாண்டுப் பதில்

ஒன்றைக் காட்டினால் அந்த ஒன்றை மட்டும் பார்க்கத் தெரியாத ஓர் இனம் உலகத்தில் உண்டு. அதற்கு ஒப்பீட்டாளர் என்று பெயர். இங்கிலாந்தில், எங்கள் ஏரி மாவட்டத்தில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் அடியில் ஒரு கவிதை வாசகர் வட்டம் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும். அதன் தலைவர் கட்டாயம் இந்த இனமாக இருப்பார்.

எங்கள் வட்டத்துத் தலைவர் ஆம்ப்ரோஸ் பெட்டிக்ரூ. அவருக்கு உலகம் என்பதே இரண்டு அலமாரி. முதல் அலமாரியில் ரொமான்டிக் கவிஞர்கள்: தொப்பியில்லாமல் மலையேறி, மேகத்தைக் கண்டு கண்கலங்கி, பறவை கூவினால் தன்னை மறந்து, காய்ச்சல் கண்டு சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தவர்கள். அடுத்ததில், பின்னால் வந்த விக்டோரியன் கவிஞர்கள்: கழுத்துவரை பொத்தான் போட்டு, அதே மேகத்தைப் பார்த்துக் கடவுள் இருக்கிறாரா என்று சந்தேகப்பட்டு, அந்தச் சந்தேகத்தை நாலாயிரம் வரியில் எழுதி, தாடியும் தாமுமாக நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மனிதர் சாப்பிடுகிற ரொட்டியையுமா விடமாட்டார்?

"ஜாம் தட்டுக்கு வெளிய வழியுது பாருங்க, அது ரொமான்டிக். வெண்ணெய் ஓரம் தாண்டாம நிக்குது, அது விக்டோரியன்."

"எனக்குப் பசிக்குது. அது எந்தக் காலம்?" என்பாள் என் தோழி ஹெட்டி.

ஹெட்டி கம்பளிநூல் கடை வைத்திருக்கிறாள். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஆம்ப்ரோஸ்மேல் அவளுக்கு ஒரு கண். ஒரு மப்ளர் பின்னிக் கொடுத்தாள். "கதகதப்பு, கட்டுப்பாடு. முழுக்க விக்டோரியன்!" என்று சுற்றிக்கொண்டார். அவருக்கும் அவள்மேல் ஆசைதான், ஊருக்கே தெரியும். வாயைத் திறந்து சொன்னாரா? ஒப்பிடவே அந்த வாய்க்கு நேரம் போதவில்லை.

ஜூன் மாதம் மலையுச்சியில் நின்று கவிதை வாசிப்பது எங்கள் வட்டத்து வழக்கம். மழை வந்தாலும் குடை விரிக்கக் கூடாது, கவிதைக்கு அவமரியாதையாம். இந்த வருஷம் உச்சியில் ஹெட்டி அவரைத் தனியாக நிறுத்தினாள். நான் தெர்மாஸும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றேன். எனக்கு நாகரிகம் கொஞ்சம் குறைவு.

"இதோ பாருங்க ஆம்ப்ரோஸ், என் தங்கச்சி பிரைட்டனுக்கே வந்துடுன்னு கூப்பிடறா. கடைய வாங்கிக்க ஆளும் வந்தாச்சு. நான் போகட்டுமா, இருக்கட்டுமா? ஒரே வார்த்தை. இப்பவே சொல்லுங்க."

அவர் முகம் மலர்ந்தது.

"அடடா, அருமையான கேள்வி! இதையே ஒரு ரொமான்டிக் கவிஞர்கிட்ட கேட்டிருந்தா..."

"நான் உங்ககிட்ட கேட்டேன்."

"வர்றேன், வர்றேன். இந்த அவசரம் இருக்கே, அதுவே ரொமான்டிக் குணந்தான்."

கண்ணை மூடிக்கொண்டார். ஆரம்பித்தாயிற்று. ரொமான்டிக்காரர் புயலைச் சாட்சிக்குக் கூப்பிட்டார், அருவியைக் கூப்பிட்டார், மார்பில் அறைந்துகொண்டார். விக்டோரியன்காரர் தொண்டையைக் கனைத்தார், கடமையை நினைத்தார், ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். நடுவில் நிஜ மழையே வந்துவிட்டது. ஹெட்டி குடையை விரித்தாள். வட்டமே மூச்சை இழுத்துப் பிடித்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"வாடி போலாம். இவரு இன்னும் என் கொள்ளுத்தாத்தா காலத்துக்கே வரல."

பாதி மலை இறங்கியிருப்போம். மேலிருந்து ஆம்ப்ரோஸின் குரல் வெற்றி முழக்கமாக வந்தது: "ஆக, காரணம் வேறன்னாலும் ரெண்டு பேரும் ஒரே வார்த்தையத்தான் சொல்லியிருப்பாங்க. போகாதே!"

நான் நின்றுவிட்டேன். அவள் நிற்கவில்லை.

"அது அவங்க ரெண்டு பேரும் சொன்னது. இவரு என்ன சொன்னாரு?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. போன வாரம் அவள் பிரைட்டனுக்குப் போய்விட்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: ஹெட்டி கிளம்பிப் போனது ரொமான்டிக்கா, விக்டோரியனா என்று உங்களுக்குள் ஒரு கேள்வி எட்டிப் பார்த்ததா, இல்லையா? பார்த்ததென்றால் புத்தகத்தை உடனே மூடுங்கள். உங்கள் வீட்டில் யாரோ உங்களிடம் ஏதோ கேட்டு ரொம்ப நேரமாகிறது.