சம்மனசுக்குச் சாவி கொடுத்தேன்

யூடியூபில் நாலு வீடியோ பார்த்தவன் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்கக் கூடாது. பார்த்தவன் நான்தான் என்பதால் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அம்பத்தூர் காயலான் கடையில் பழைய சுவர்க்கடிகாரங்களை வாங்கிவந்து, அவற்றின் பல்சக்கரங்களைக் கொண்டு அசையும் சிற்பங்கள் செய்துகொண்டிருந்தேன். (இது என் கருத்து. “ஊட்டக் குப்பையாக்கினு கீறான்” என்பது அம்மாவின் கருத்து.)

அந்த வருடம் ஆவடியில் எங்கள் பங்குக் கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஒரு சம்மனசு, அதாவது தேவதூதன், செய்தேன். பித்தளைத் தகட்டில் இரண்டு முழ இறக்கைகள். சாவி கொடுத்தால் பாலன் இயேசுவுக்கு மெதுவாக விசிற வேண்டும்.

ஆனால் ரொம்ப மெதுவாக விசிறியது. கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்கு முன்னால் பெண்டுலத்தையும், சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் கொக்கியையும் கழற்றிவிட்டேன். அதெல்லாம் கடிகாரத்துக்குத்தானே, சம்மனசுக்கு எதற்கு? சக்கரம் ஓடாமலிருக்க ஓர் ஆணியைச் சொருகி, வில்லை முழுசாக முறுக்கிவைத்தேன்.

பூசை முடிந்து சனமெல்லாம் குடில் முன் கூடியது. பாதர் தீர்த்தம் தெளித்துவிட்டு, “எங்கப்பா, உன் சம்மனசு பறக்கட்டும்” என்றார்.

ஆணியை உருவினேன்.

எட்டு நாளைக்கு வர வேண்டிய முறுக்கு எட்டு விநாடியில் அவிழ்ந்தது. சம்மனசு விசிறவில்லை, அறைந்தது. முதல் அறை சூசையப்பர் சிலைக்கு. அடுத்தது வைக்கோலுக்கு அடியில் புகுந்து பாலன் இயேசுவை அப்படியே அள்ளி வீசியது. சுரூபம் எங்கள் தலைக்கு மேல் போனது. பாடகர் குழு பாட்டின் நடுவிலேயே நின்றுவிட்டது.

பூக்கடை மேரியக்கா முந்தானையை விரித்துப் பிடித்துவிட்டார்.



“அடப்பாவி!” என்றார் மேரியக்கா. “பொறந்து ஒரு நாளு கூட ஆவல, அதுக்குள்ள புள்ளயத் தூக்கி எறியிறியே!”

பாதர் சுரூபத்தை வாங்கி, விரல்களை எண்ணிப் பார்த்தார். எல்லாம் இருந்தன. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பாலன் இயேசுவக் கொல்லப் பாத்த ஏரோது ராஜா கூட புள்ள இருக்கற எடம் தெரியாமத்தான்பா தேடினான். நீ எடம் தெரிஞ்சே வந்துட்ட.”

அன்றிலிருந்து குடும்பத்தில் என் பெயர் ஏரோது.

நான்கு வருடம் கழித்து எனக்கு மகன் பிறந்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, “அப்பா யாரு?” என்றார். ஆசையாகக் கையை நீட்டினேன். அம்மா குறுக்கே பாய்ந்தார்.

“ஐயோ, அவங்கையில குடுக்காதம்மா! அவன் ஏரோது!”

நர்ஸ் திகைத்துப்போய்க் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

“சார், உங்க ஆதார் கார்டைக் காட்டுங்க.”